வைஃபை மட்டும் போதாது

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவருக்குள் பைப் பதிக்கும்போதே, கரண்ட் வயரோடு சேர்க்காமல் தனி பைப்பில் அறைக்கு ஒரு கேட் 6 கேபிள் (நெட்வொர்க் இணைப்புக்கான வயர்) இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் குறையாமல் வரும். எங்கள் வீட்டில் மேசைக் கணினியும் டிவியும் கேபிளுக்குப் போன பிறகு, மகளின் லேப்டாப்புக்கு வைஃபை தாராளமாகக் கிடைக்கிறது. கேபிளும் வைஃபையும் ஒரே நெட்வொர்க்தான் என்பதால் எல்லாருக்கும் ஒரே பிரிண்டர்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லையா? பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் செட்டிங்) இருந்தால் அதற்கு மாற்றி, கீழிருந்து வரும் கேபிளைச் செருகுங்கள். வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் வயர்லெஸ் எக்ஸ்டெண்டரைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை (செட்டிங்குக்குள் நுழைவதற்கானது) முதல் நாளே மாற்றிவிடுங்கள்.