அப்பாவின் நெஞ்சுச் சளியும் ரங்கூன் கிருமியும்

ஆடி மாதம் நடவு முடிந்து நாலாம் நாள் பெகுவிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பாவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. இருமினா பழுப்பா சளி வருது. நேத்து ராத்திரி என்னைப் பெரியப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார்." பெரியப்பா இறந்து 11 வருஷம் ஆகிறது. அதைக் கேட்ட பிறகு எனக்கு ரங்கூனில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

அப்பாவின் தலைமாட்டில் மருந்துப் பொட்டலங்கள் கிடந்தன. பர்மாவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடையில் போய் "காய்ச்சல், இருமல், உடம்பு வலி" என்றால் ஐந்தாறு டப்பாவைத் திறந்து, வேளைக்கு ஒன்றாகச் சின்ன பிளாஸ்டிக் உறையில் கலந்து போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மருந்தின் பெயர் எதிலும் இருக்காது. மிச்சமிருந்த ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு காப்ஸ்யூல், இரண்டு வெள்ளை மாத்திரை, பாதியாக உடைத்த மஞ்சள் மாத்திரை ஒன்று, மிளகளவில் இளஞ்சிவப்பாக ஒன்று. தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றி ரங்கூனுக்கே கொண்டு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் செயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. அப்பாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். 34. "அபா, இது எந்த ஊர்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் மேலே 88 தான் இருந்தது. 65 வயதோ அதற்கு மேலோ, தடுமாற்றம், நிமிஷத்துக்கு 30-க்குக் குறையாத மூச்சு, ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, ரத்தத்தில் யூரியா கூடுதல்: நிமோனியா என்னும் நுரையீரல் தொற்றில் இந்த ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்க வைக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம். அப்பாவுக்கு யூரியா முடிவு வரும் முன்பே நாலு இருந்தது. சர்க்கரை 412.

பொட்டலத்தைக் காட்டினேன். சிவப்பு மஞ்சள் காப்ஸ்யூல் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக். இளஞ்சிவப்பு ஸ்டீராய்டாக இருக்கும், சர்க்கரை எகிறியதில் அதற்கும் பங்கு உண்டு என்றார். அமாக்ஸிசிலின் கெட்ட மருந்தா என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்றார். ஆஸ்பத்திரிக்கு வெளியில் தொற்றும் நிமோனியாவில் அதிகம் பார்க்கும் பாக்டீரியா நிமோகாக்கஸ். நோய் கடுமையாக இல்லாதவருக்கு அமாக்ஸிசிலினைச் சரியான அளவில் வேளை தவறாமல் கொடுத்தால், பெரும்பாலும் 5 நாளில் வேலை முடிந்துவிடும். அதைத் தினம் ஒன்று இரண்டு என்று விழுங்கிவிட்டு, காய்ச்சல் தணிந்ததும் நிறுத்துவதில்தான் கேடு. பக்கத்து வீட்டு மாமா "பவரான" மாத்திரை என்று லெவோஃப்ளாக்ஸசின் வாங்கிக் கொடுக்கப் பார்த்தார் என்று தம்பி சொன்னான். நல்ல வேளை, கொடுக்கவில்லை என்றார் செயாமா. அது காசநோயையும் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் அது சின்ன விஷயமா?

முதல் ஊசி ஏறும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுத்தார்கள். சளியையும் வாங்கி, காசநோய்ப் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்பினார்கள். அப்புறம் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, கூடவே அஸித்ரோமைசின். மூன்றாம் நாளும் காய்ச்சல் 103. நான் பதறிப் போனேன். செயாமா பதறவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். வயல் வேலை. நடவுக்கு இறங்கினாரா? இறங்கினார். காலில் என்ன போட்டுக்கொண்டு? சேற்றில் யார் என்ன போடுவார்கள்! சர்க்கரை எத்தனை வருஷமாக? 14 வருஷம். அன்று மாலையே ஊசியை மாற்றி செஃப்டஸிடிம் ஆரம்பித்தார். மறுநாள் லேபிலிருந்து வந்த கல்ச்சர் முடிவும் அவர் சந்தேகப்பட்டதையே சொன்னது. மெலியாய்டோசிஸ்.

அந்த நோயைத் தருவது மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியா. மழைக்காலத்தில் தோல் வெடிப்பு வழியாகவோ, மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். அமாக்ஸிசிலினும் அஸித்ரோமைசினும் அதனிடம் எடுபடாது, செஃப்ட்ரியாக்ஸோனையும் நம்பியிருக்க முடியாது. செஃப்டஸிடிம் அல்லது மெரோபெனம்தான் கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நோயை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்ததே ரங்கூனில்தான். 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் விட்மோர் என்ற ஆங்கிலேய டாக்டரும், உதவி சர்ஜன் கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் பார்த்து, 1912-இல் எழுதி வெளியிட்டார்கள். கிருஷ்ணசாமி! நான் பிறந்து வளர்ந்த ஊர், நம் வீடுகளில் புழங்கும் பெயர். இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்கு அவரைப் பற்றிச் சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

மருந்து மாற்றிய உடனே காய்ச்சல் விட்டுவிடவில்லை. இந்த நோயில் அது மெதுவாகத்தான் இறங்குமாம். எட்டாம் நாள் காலையில் அப்பா என்னைப் பார்த்து, "நீ எப்பம்மா வந்தே?" என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஊசி மொத்தம் 3 வாரம்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் அந்தப் பொட்டலத்தை வாங்குகிறார்கள். அப்பாவும் அந்தக் கணக்கைத்தான் போட்டார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மூச்சு வேகமாக வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ கடைக்குப் போகாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயல்காரர் என்றால் அதையும், சர்க்கரை இருந்தால் அதையும் டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

ஊசி முடிந்ததும், உள்ளே பதுங்கியிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பாமல் இருக்க கோட்ரைமாக்ஸஸோல் மாத்திரை 3 மாதம். அம்மா காலண்டரில் இரண்டு வேளைக்கும் தனித்தனியாகப் பென்சிலால் கோடு போடுகிறார். இன்று 62-ஆவது நாள். இந்த மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் செயாமா. தம்பி கூட்டி வருகிறான். வரும்போது அப்பாவின் கால் அளவையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்க.