எம்பெடட் வேலைக்கு நான் வந்த வழி: பயிற்சி மையம், போலிச் சிப், தடையில்லாச் சான்றிதழ்

விவசாயப் பம்ப்செட்டுகளுக்கான செல்போன் ஸ்டார்ட்டர் தயாரிக்கும் கோவையின் சிறு நிறுவனம் ஒன்றில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் சிப்பில் ஓடும் நிரல்) பொறியாளராகச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கிய முயற்சி இது. இதில் ஏழெட்டு மாதங்கள் முற்றிலும் வீணாகப் போயின. சி மொழியும் ஆர்டுயினோவும் ஓரளவு தெரிந்து, அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் மாணவர்கள் அதே பள்ளங்களில் விழ வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் அடி சென்னையில் விழுந்தது. மூன்று மாதப் பயிற்சி, ஏஆர்எம் பிராசசர், ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்), நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்திருந்த மையம் ஒன்றில், அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த 28,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடியற்காலை ரயிலேறிப் போய் வந்தேன். ஆறு வாரங்கள் கழிந்த பிறகும் 8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலரைத் தாண்டவில்லை. அதுவும் பெரும்பாலும் கணினியிலேயே சுற்றை ஓட்டிக் காட்டும் புரோட்டியஸ் சிமுலேட்டரில்தான். கல்லூரி ஆய்வகத்தில் ஏற்கெனவே செய்து முடித்த அதே பயிற்சிகள். பதினான்கு பேருக்கு இரண்டு போர்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். வேலை உத்தரவாதம் என்பது வாட்ஸ்அப் குழுவில் வேலைவாய்ப்பு இணைப்புகளை அனுப்புவதோடு முடிந்துவிட்டது. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை போர்டு, ஆஸிலாஸ்கோப் (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் காட்டும் கருவி) இருக்கிறதா என்று நேரில் எண்ணிப் பாருங்கள். அனுமதி தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

சென்னைக்குப் போய்வந்த அந்த நாட்களிலேயே மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில், ப்ளூ பில் என்று எல்லோரும் சொல்லும் எஸ்டிஎம்32எஃப்103 போர்டையும், அதில் நிரலை ஏற்ற உதவும் எஸ்டி-லிங்க் கருவியின் நகல் ஒன்றையும் ஐந்நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு வாங்கினேன். 72 மெகாஹெர்ட்ஸ், 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம். ஆர்டுயினோ ஊனோவின் 2 கேபி ரேமோடு மல்லுக்கட்டியவனுக்கு அது பெரிய உலகம். ஆனால் கணினியிலிருந்து சிப்போடு பேசும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் ஒவ்வொரு முறையும், சிப்பின் அடையாள எண் எதிர்பார்த்தபடி இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. கம்பியை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், நண்பனின் லேப்டாப்பில் முயன்றேன். இரண்டு வாரங்கள் போயின. கடைசியில்தான் அந்தச் செய்தியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். 1-இல் தொடங்க வேண்டிய எண் 2-இல் தொடங்கியிருந்தது. எஸ்டிஎம்32 என்ற பெயரில் என்னிடம் விற்கப்பட்டது வேறொரு நிறுவனத்தின் நகல் சிப். கான்ஃபிகரேஷன் கோப்பில் அந்த ஓர் எண்ணைத் திருத்தியதும் இணைப்பு கிடைத்தது. ஆனாலும் பாடம் படிக்கும் காலத்தில் தவறு என் நிரலிலா, சிப்பிலா என்ற சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்க முடியாது என்று முடிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் நியூக்ளியோ-எஃப்103ஆர்பி வாங்கினேன். எஸ்டி-லிங்க் அதிலேயே இருப்பதால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பயிற்சி மையத்துக்குக் கொடுத்த பணத்தில் இப்படிப் பல போர்டுகள் வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பிறகு எல்லா லைப்ரரிகளையும் ஒதுக்கிவிட்டு, ரெஜிஸ்டர்களை (சிப்பின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் நினைவக இடங்கள்) மட்டும் கொண்டு ஒரு எல்இடியை எரியவைக்க முயன்றேன். எரியவில்லை. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் ரெஃபரன்ஸ் மேனுவலில் ஜிபிஐஓ (சிப்பின் உள்ளீட்டு, வெளியீட்டுக் கால்கள்) அத்தியாயத்தை மூன்று முறை படித்தும் பிழை தெரியவில்லை. ஏனென்றால் விடை அந்த அத்தியாயத்தில் இல்லை. எல்இடி இருக்கும் போர்ட் ஏ-க்குக் கிளாக் துடிப்பு கொடுக்க, ஆர்சிசி (ரீசெட், கிளாக் கட்டுப்பாடு) அத்தியாயத்தில் உள்ள ஏபிபி2 இனேபிள் ரெஜிஸ்டரின் 2ஆம் பிட்டை முதலில் 1 ஆக்க வேண்டும். கிளாக் இல்லாத போர்ட்டில் என்ன எழுதினாலும் அது பதிவாகாது. இரவு பதினொன்றரை மணிக்கு அந்தச் சிறிய பச்சை விளக்கு எரிந்தபோது விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் காட்டினேன்.

அடுத்த நான்கு நாட்களை எம்பியு6050 என்ற அசைவு சென்சார் எடுத்துக்கொண்டது. டேட்டாஷீட்டில் ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) முகவரி ஹெக்ஸ் 68 என்று இருக்க, அதையே எஸ்டிஎம்32-க்கான ஹால் லைப்ரரிக்குக் கொடுத்தேன், பதிலே வரவில்லை. கம்பியில் போகும் 0, 1 சிக்னல்களைப் பதிவு செய்யும் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்றைச் சீனியர் அண்ணனிடம் இரவல் வாங்கி, பல்ஸ்வியூ மென்பொருளில் பார்த்தபோது கம்பியில் போன முகவரி ஹெக்ஸ் 34 என்று தெரிந்தது. 7 பிட் முகவரியை ஒரு பிட் இடப்புறம் நகர்த்தித்தான் அந்த லைப்ரரிக்குக் கொடுக்க வேண்டும். அதன் மூலநிரலில், நான் அழைத்த ஃபங்ஷனுக்கு மேலேயே இது குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பிழையையும் அனலைசர் படத்தையும் நோட்டில் ஒட்டி, என்ன நினைத்தேன், உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். பின்னால் அந்த நோட்டு செய்த உதவியை எந்தச் சான்றிதழும் செய்யவில்லை.

முதல் நேர்காணலில் தோற்றேன். ஒரு காகிதத்தில் நான்கு வரி நிரலை எழுதினார்கள்: இன்டரப்ட் (வன்பொருள் தரும் குறுக்கீடு) வந்தால் ஃபிளாக் என்ற ஒரு மாறி 1 ஆகும், முதன்மை நிரல் அதற்காக வைல் லூப்பில் காத்திருக்கும். கம்பைலரின் ஆப்டிமைசேஷன் (நிரலைச் சுருக்கி வேகப்படுத்துவது) இல்லாதபோது ஓடும் நிரல், அதை இயக்கியதும் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டார்கள். அந்த மாறிக்கு வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் சி மொழிச் சொல்) போட வேண்டும் என்று உடனே சொன்னேன். ஏன் என்று கேட்டதும் வாயடைத்துப்போனேன். லூப்புக்குள் அந்த மாறியை யாரும் மாற்றவில்லை என்று கருதும் கம்பைலர், நினைவகத்தை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு அதே மதிப்பையே நம்பிச் சுற்றுகிறது என்பது எனக்கு அன்று தெரியாது. நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

கோவை நேர்காணலில் கேள்வித்தாளே இல்லை. ஸ்டார்ட்டர் போர்டு ஒன்றை மேசையில் வைத்து, "கால் வந்தா மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகுது தம்பி, பாருங்க" என்றார்கள். பவர் லைனை ஆஸிலாஸ்கோப்பில் பார்க்க அனுமதி கேட்டேன். ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது, 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை மின்னழுத்தத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தக் கணங்களில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தத் திடீர் இழுப்பைத் தாங்க அதன் அருகில் இருக்க வேண்டிய பெரிய கெபாசிட்டரைக் கழற்றி வைத்திருந்தார்கள். நோட்டையும் வாங்கிப் புரட்டினார்கள். அன்று மாலையே ஆறு மாத இன்டர்ன்ஷிப் உறுதியானது.

அதன் பிறகுதான் கல்லூரி அலுவலகம் சோதித்தது. இறுதி செமஸ்டரில் வெளியே செல்லத் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்துப் போனால், "லெட்டர்ஹெட்ல இருக்கணும் தம்பி, மெயில் எல்லாம் செல்லாது" என்றார் எழுத்தர். லெட்டர்ஹெட்டில் வாங்கி வந்தால், தொடங்கும் நாளும் முடியும் நாளும் இல்லை என்று திருப்பினார். இரண்டையும் சேர்த்து மூன்றாம் முறை போனபோது, துறைத்தலைவரின் பரிந்துரைக் கையெழுத்து வேண்டும் என்றார்; மேடம் அன்று தேர்வுப் பணிக்காக வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். முதல் நாளே இந்த மூன்றையும் சொல்லியிருந்தால் ஒன்பது நாட்கள் மிச்சமாகியிருக்கும். நிறுவனமோ திங்கட்கிழமை வரைதான் காத்திருக்கும். இறுதியில் துறைத்தலைவரை அவர் இருந்த கல்லூரியின் வாசலிலேயே சந்தித்துக் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு முதல்வரின் முத்திரையைப் பெற்று, அன்றிரவே கோவைக்குப் பேருந்து ஏறினேன். நீங்கள் போகும்போது தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுத்தரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; வருகைப்பதிவு எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே வேறொரு நிறுவனமும் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தது. ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தமும், அசல் மதிப்பெண் சான்றிதழ்களை அவர்களிடமே ஒப்படைப்பதும் நிபந்தனைகள். ஒப்பந்தத்தைக் குறித்தாவது பேசலாம். அசல் சான்றிதழைக் கொடுப்பதில்லை என்று அப்பாவும் நானும் தீர்மானமாக இருந்தோம். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்த அன்று அசலைச் சரிபார்த்துவிட்டு, நகலை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, அசலை என் கையிலேயே திருப்பித் தந்தார்கள்.