ஈறுக்கு லேசர்: முதலில் பாக்கெட் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

ஈறில் ரத்தம் கசிகிறது, பல் லேசாக ஆடுகிறது என்று காரைக்குடியில் பல் டாக்டரிடம் போனால், லேசரைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை நடந்தாக வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், அதாவது பாக்கெட்டில் விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் அளக்க வேண்டும். 3 வரை பயமில்லை. 4, 5 என்றால் பெரும்பாலும் ஆழமான க்ளீனிங்கே போதும். அதற்குப் பிறகும் 5, 6 என்று நின்று ரத்தம் வந்தால்தான் அடுத்த கட்டப் பேச்சு. அளக்காமலே லேசர் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் ஊர்களில் அதிகம் இருப்பது டயோட் லேசர். 810, 940, 980 நானோமீட்டர் வகைகள். இது காரையை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கை எடுக்காது. வேரில் ஒட்டியிருக்கும் காரையை அல்ட்ராசோனிக் ஸ்கேலராலும் கைக்கருவியாலும் சுரண்டி எடுத்த பிறகுதான் லேசருக்கு வேலை. காரை உள்ளே இருக்க மேலே லேசர் வைத்தால் சில நாள் ஈறு இறுகி நன்றாகத் தெரியும், உள்ளே எலும்பு கரைவது நிற்காது. சாப்பாட்டுக்குப் பின் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை போடுகிறவர்களுக்குக் காரை கெட்டியாகப் படிந்திருக்கும். ஒரே நாளில் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

டயோட் ஒளியை ரத்தமும் ஈறின் கருநிறமியும் நன்றாக உறிஞ்சும். ஆகவே கறுத்த ஈறு சீக்கிரம் சூடேறும், பவரைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். நுனி ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதம் தொடங்கும். அந்த லேசருக்குரிய கண்ணாடி டாக்டருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் போட வேண்டும்.

லானாப் என்ற ஈறு சிகிச்சை வேறு: 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற வேறு வகை லேசர், தனி முறை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-ல் அனுமதித்தது. டயோட் வைத்துவிட்டு லானாப் என்று பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி பார்த்துவிட்டுப் போங்கள். கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவே குறைவாகத் தெரியும், அதை நம்பி நோய் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

முடிந்த பின் ஒரு வாரம் சீப்புச் சீடை, முறுக்கு, எள்ளுப்பொடி கிட்டேயே வரக்கூடாது. எள் ஈறுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறிய கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் சரி. வெற்றிலை, புகையிலை அறவே வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து 0.2 சதவீதம் கொடுத்தால் 10 மில்லி, பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல் பழுப்பாகும்.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். பழைய அளவையும் புதிய அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கேனும் 5-க்கு மேல் நின்று ரத்தமும் வந்தால், அந்த இடத்துக்கு மட்டும் ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் அறுவை பற்றிக் கேளுங்கள். மற்ற இடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங்.