பார்க்கிங் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள்

சேலத்தில் அஞ்சு ரோட்டுப் பக்கமோ சாரதா காலேஜ் ரோட்டிலோ, பெரிய கடை எதற்குள் வண்டியை விட்டாலும் வெளியே வரும்போது கட்டணம் கேட்கிறார்கள். சில இடங்களில் நியாயமான கட்டணம். சில இடங்களில் ரேட் போர்டு இருக்காது, சீட்டு கிடைக்காது, கேட்கிற தொகை ஆளுக்கு ஆள் மாறும். நாற்பது ரூபாய்தானே என்று கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த நாற்பதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. வக்கீல் வேண்டியதில்லை, மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். "மால்களில் பார்க்கிங் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பி வாசலில் வாதாடாதீர்கள். அது 2019 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து கிளம்பியது. தெலங்கானாவில் 2018இல் வந்த அரசாணைப்படி முதல் 30 நிமிடம் இலவசம். 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால் இலவசம். அதற்கு மேல் போனால், பில் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் இலவசம். நல்ல விதிதான், ஆனால் அது தெலங்கானாவுக்கு. கேரள உயர் நீதிமன்றமோ, உள்ளாட்சியிடம் உரிமம் வாங்கிய மால் கட்டணம் வசூலிக்கலாம் என்ற பக்கம் நின்றது. ஆக, ஒரு மாநிலத்துத் தீர்ப்பைச் சேலத்துக் கடை வாசலில் நீட்டினால் எடுபடாது.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற உதாரணம் வேறு. சென்னை அண்ணா நகரில் ஒரு மால், இரண்டு மணி நேரம்கூட நிற்காத பைக்குக்கு 80 ரூபாய் வாங்கியது. வழக்கு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2025இல் வந்த உத்தரவு, இழப்பீடும் செலவும் சேர்த்து 12,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்னொரு மாவட்ட ஆணையம் அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் மனுவில் குறிப்பிடத் தகுந்த உத்தரவு, குறிப்பிடுங்கள். உங்கள் வழக்கு அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

"கட்டணமே கூடாது" என்ற வாதத்தைவிட "நீங்கள் வாங்கிய விதம் தவறு" என்ற வாதம் எப்போதும் வலுவானது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பில்லோ ரசீதோ கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உள்ளே நுழைகிற இடத்தில் கட்டணம் எழுதியிருக்க வேண்டும், வெளியேறும்போது தெரிவதில் பயனில்லை. பிக் பஜார் கடைகள் முன்கூட்டிச் சொல்லாமல் கேரி பேக்குக்குக் காசு வாங்கியதை, 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொன்னது. அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம் பார்க்கிங்குக்கும் அப்படியே பொருந்துகிறது: பொருளை எடுத்து முடித்து, பில் போடுகிற கவுன்டரில் நிற்கிறவருக்குத் தேர்வு செய்ய வழியில்லை. தடுப்புக் கம்பிக்கு முன்னால், பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க நிற்கிறவருக்கும் வழியில்லை.

சீட்டை எப்படிப் பார்ப்பது என்று இனி பார்க்கலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உள்ளே நுழைந்த நேரம், வண்டி எண், சீட்டின் தொடர் எண், வசூலிக்கிற நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண் இவை அதில் இருக்க வேண்டியவை. ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி தளத்தின் வரி செலுத்துவோர் தேடலில் போட்டால், நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். நோட்டீஸ் யார் பெயருக்கு அனுப்புவது என்ற பெரிய சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். கடையின் பெயர் ஒன்றாக இருக்கும், பார்க்கிங் குத்தகை எடுத்தவர் வேறொருவராக இருப்பார்.

பார்க்கிங் கட்டணத்துக்கு வரி 18 சதவீதம். போர்டில் 40 என்று எழுதி, சீட்டில் 47.20 என்று வந்தால், 3.60 மத்திய வரி, 3.60 மாநில வரி என்று கணக்கு சரியாக இருக்கும். ஆனால் வரி தனி என்று போர்டில் சொல்லியிருந்ததா என்று பாருங்கள். சீட்டில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி மட்டும் சேர்த்திருந்தால் விஷயம் தீவிரமாகிறது. பதிவு செய்யாத ஆள் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 32ஆம் பிரிவு. 200 ரூபாய்க்குக் கீழே இருந்தால் பில் தர வேண்டியதில்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வாடிக்கையாளர் கேட்டால், பதிவு பெற்ற நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சீட்டு வெப்பத்தில் அச்சாகிற தாள். சித்திரை வெயிலில் டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் கறுத்திருக்கும். மணிபர்ஸில் வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். கையில் வாங்கின உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். கூடவே நுழைவாயிலின் படம், ரேட் போர்டு இருந்தால் அதன் படம், இல்லையென்றால் போர்டு இல்லாத வாசலின் படம். இந்தக் கடைசிப் படத்தைத்தான் பலரும் எடுப்பதில்லை. புகார் போன மறுநாள் புதுப் போர்டு மாட்டிவிட்டு "எப்போதும் இருந்ததுதான்" என்பார்கள். தேதியோடு எடுத்த படம் அந்தப் பேச்சை முடித்துவிடும்.

பணத்தைச் சில்லறையாகக் கொடுக்காமல் யுபிஐயில் கொடுங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் தனி ஆளின் பெயர் வந்தால், அந்தத் திரையையே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண் உங்களிடம் இருக்கிறவரை "நாங்கள் வாங்கவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

நேரக் கணக்கில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரேட் என்று வைத்து, 1 மணி 4 நிமிடத்துக்கு இரண்டு மணி நேரக் காசு வாங்குவது வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் ஆடித் தள்ளுபடி நாட்களிலும் வெளியேறும் வரிசையிலேயே இருபது நிமிடம் போய்விடும். அந்தத் தாமதம் அவர்களுடைய ஏற்பாட்டுக் குறை, அதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடைசியாகப் பொருள் வாங்கின பில்லில் நிமிடத்தோடு நேரம் அச்சாகியிருக்கும். அந்த பில்லையும் பார்க்கிங் சீட்டின் வெளியேறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிசையில் எவ்வளவு நேரம் போனது என்று தெரிந்துவிடும். காய்கறி வாங்கின பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதனால்தான்.

டோக்கன் தொலைந்தால் 200, 500 என்று அபராதம் எழுதி வைத்திருப்பார்கள். அபராதம் போட தனியாருக்கு அதிகாரம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, முன்கூட்டி எழுதி வைத்த தொகை எதுவாக இருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். வண்டி உங்களுடையது என்று காட்ட டிஜிலாக்கரில் இருக்கிற ஆர்சி போதும். நுழைந்த நேரம் அவர்கள் கேமராவிலேயே இருக்கும். கொடுத்தால்தான் விடுவேன் என்று நின்றால், எதிர்ப்போடு கொடுக்கிறேன் என்று ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். சங்கிலி போட்டோ, சக்கரத்தில் பூட்டுப் போட்டோ வண்டியை மறித்தால் 112ஐ அழையுங்கள். ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் குற்றம்.

வாசலில் நிற்கிற பையனிடம் மட்டும் கோபத்தைக் காட்டாதீர்கள். அவருக்கு நாள் கூலி. ரேட்டை நிர்ணயித்தவர் ஏசி அறையில் இருக்கிறார். நம் கேள்வி அவருக்குத்தான் போக வேண்டும்.

"வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்ற போர்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசும் வாங்கிக்கொண்டு பொறுப்பும் இல்லை என்பது சரியா? டெல்லியில் ஓட்டல் ஒன்றில் சாவியை ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் 1998இல் திருடு போனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படி எழுதி வைப்பதால் ஓட்டல் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது. சாவியை ஒப்படைத்தால் வண்டி அவர்கள் காவலில் இருக்கிறது. சாவி உங்களிடமே இருந்து, இடத்துக்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் நிலை அவ்வளவு தெளிவாக இருக்காது. அப்போது டோக்கனைக் காட்டினால்தான் வண்டியை வெளியே விடுவோம் என்ற ஏற்பாடு இருந்ததா, காவலுக்கு ஆள் இருந்தாரா என்பதெல்லாம் பார்க்கப்படும். ஹெல்மெட் காணாமல் போனதற்கும் கீறல் விழுந்ததற்கும் இதே கேள்விகள்தான்.

கடைக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில் விசிலோடு நின்று இருபது ரூபாய் கேட்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். ரோடு பொதுச் சொத்து, கடைக்காரருடையது ஆகாது. அங்கே மாநகராட்சி அனுமதித்த குத்தகைதாரர் மட்டுமே, மாநகராட்சி நிர்ணயித்த கட்டணத்தை, ரசீது கொடுத்து வாங்கலாம். ரசீது இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலோ, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஏற்காட்டில் கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கம் வசூல் நடந்தாலும் இதேதான்: ரசீதில் உள்ளாட்சியின் பெயரும் முத்திரையும் இருக்கிறதா, போர்டில் உள்ள தொகைதானா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் குத்தகை உத்தரவின் நகலையும் நிர்ணயித்த கட்டணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். கடையின் கட்டட வரைபட அனுமதியில் பார்க்கிங் என்று காட்டிய இடம் எவ்வளவு என்றும் அதே சட்டத்தில் கேளுங்கள். அனுமதியில் பார்க்கிங்காகக் காட்டிவிட்டுக் கிடங்காகவோ தள்ளுபடி ஸ்டாலாகவோ மாற்றிய இடம் உண்டா என்று அதில் தெரிந்துவிடும்.

புகாருக்கு வருவோம். முதலில் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பெரிய நிறுவனம் என்றால் பல நேரம் இங்கேயே பணம் திரும்பிவிடுகிறது. நடக்கவில்லையென்றால் கடைக்கும் பார்க்கிங் குத்தகைதாரருக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்டில், டெலிவரி சான்றோடு ஒரு நோட்டீஸ். ஒரு பக்கம் போதும்: தேதி, நேரம், வண்டி எண், சீட்டு எண், வாங்கின தொகை, என்ன தவறு, என்ன வேண்டும், 15 நாள் அவகாசம். திட்டு, மிரட்டல், பெரிய எழுத்து எதுவும் வேண்டாம். ஆணையத்தின் மேசையில் இந்தக் கடிதம்தான் முதலில் படிக்கப்படும்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. கணக்கில் வருவது கொடுத்த 40 ரூபாய்தான், கேட்கிற இழப்பீடு அதில் சேராது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். 2019 சட்டத்தின் பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. பெங்களூரு மாலில் ஏமாந்த அழகாபுரத்துக்காரர் சேலத்திலேயே போடலாம். ஏற்காட்டுக்கு வந்துபோன சென்னைக் குடும்பம் சென்னையிலேயே போடலாம்.

மனுவோடு பிரமாணப் பத்திரம், சீட்டு, கடை பில், படங்கள், யுபிஐ ஸ்கிரீன்ஷாட், நோட்டீஸ் நகல், தபால் ரசீது வைக்க வேண்டும். படங்கள் உங்கள் போனில் எடுத்தவை என்று பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றும் ஒன்று இணைத்துவிடுங்கள், பின்னால் கேள்வி எழாது. கடையையும் குத்தகைதாரரையும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், இருக்கிறவர் இல்லாதவரைக் கைகாட்டுவார். கோரிக்கையில் வாங்கின தொகை, மன உளைச்சலுக்கு அளவான இழப்பீடு, வழக்குச் செலவு, அத்தோடு அந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு. நாற்பது ரூபாய்க்கு 5 லட்சம் கேட்டால் நல்ல வழக்கும் கேலியாகிவிடும். நிறுத்தச் சொல்லும் கோரிக்கையைத்தான் பலரும் மறக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் பயன்படுவது அது ஒன்றுதான்.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்தரப்பு பதில் போட வேண்டும். கூடுதலாக 15 நாள் வாங்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. எனவே 45 நாள் கடந்த பதிலை ஏற்க வேண்டாம் என்று நீங்களே எழுந்து கேட்கலாம். சமரசத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் போர்டு வைப்பது, ரசீது கொடுப்பது இரண்டையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தபின் அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு, உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு, 72ஆம் பிரிவில் தண்டனை மனு இரண்டையும் சேர்த்தே போடுங்கள். 72இல் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. அந்த மனுவின் நகல் கைக்குப் போனதும் காசோலை தானாக வரும்.