வரியில்லாத டெக்சாஸும் வரி கட்டும் மசாசூசெட்சும்

என் மூத்த மகள் ஹூஸ்டனுக்குத் தெற்கே பெயர்லாந்தில் இருக்கிறாள். இளையவள் பொஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்ஹாமில். இருவருடைய பேறுகாலத்துக்கும் போய்த் தங்கி வந்ததால், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப ஆயத்தப்படுத்துகிறவர்கள் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து, எந்த மாநிலம் நல்லது என்று கேட்கிறார்கள். அவர்கள் அறிய விரும்புவது பெரும்பாலும் சம்பளமும் வரியும்தான்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. மசாசூசெட்சில் 5 சதவீதம். 2023 முதல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் உழைப்பவர்கள் கூடுதலாக 4 சதவீதம் கட்டவேண்டும் என்றாலும், அது நம் பிள்ளைகளின் கவலையன்று. இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் டெக்சாஸ் இனித்துவிடுகிறது. ஆனால் அங்கே பள்ளிக்கூடச் செலவின் பெரும்பங்கு வீட்டு வரியாக வீட்டின் தலையில் விழுகிறது. நாம் மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரியை மனதில் வைத்து அதை அளக்க முடியாது: மூன்றரை இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் டொலர் வருவது அங்கே சாதாரணம். வசந்த காலத்தில் வீட்டின் மதிப்பை உயர்த்திக் கடிதம் வரும். வழக்கமாக மே 15க்குள் ஆட்சேபிக்கலாம். மருமகன் அயலில் விற்ற வீடுகளின் விலைகளைத் திரட்டி, சுவர் வெடிப்பைப் பல கோணங்களில் படமெடுத்து, வழக்குக்குப் போகிறவர்போல் கோப்பு ஒன்று தயாரிப்பார்.

வேலை போனால் வருமான வரியும் நின்றுவிடும். வீட்டு வரி நிற்பதில்லை, வங்கிக் கடனைக் கட்டி முடித்த பின்னும் தொடரும். உழைப்பு நின்றாலும் வீடு காப்பாற்றும் என்று நம்பி மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் மட்டக்களப்பாருக்கு இது எளிதில் பிடிபடாது. மசாசூசெட்சிலும் வீட்டு வரி உண்டு. வீதம் குறைவுதான், ஆனால் வீடுகளின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால் கட்டும் தொகை பெரிதாகக் குறைவதில்லை. இளையவள் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறாள்.

அப்படியானால் இரண்டு வரியையும் கட்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? 2006இல் மசாசூசெட்ஸ் கொண்டுவந்த சட்டம் வளர்ந்தவர் ஒவ்வொருவரும் மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்றது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கைகொடுக்கிறது. 2023இல் அங்கே காப்புறுதி இல்லாதவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. டெக்சாஸில் நூற்றுக்குப் பதினாறு பேர், அமெரிக்காவிலேயே மிக அதிகம். பெரியாஸ்பத்திரியில் துண்டு எடுத்துக் காத்திருந்து, காசில்லாமல் மருந்து வாங்கிப் பழகிய நமக்கு அந்தப் பதினாறு பேரின் நிலை விளங்க நேரமாகும்.

பேறுகாலத்தில் வேறுபாட்டைக் கண்ணால் கண்டேன். 2021 முதல் மசாசூசெட்சில் பிள்ளை பெற்றவருக்கு மாநில நிதியிலிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியோடு விடுப்பு கிடைக்கிறது. தகப்பனுக்கும் பன்னிரண்டு கிழமை வரை உண்டு. டெக்சாஸில் அப்படி மாநிலச் சட்டம் இல்லை. கூட்டாட்சியின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பன்னிரண்டு கிழமையும் சம்பளமில்லாதது, அதுவும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே பெரும்பாலும் பொருந்தும். மூத்தவள் சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, பச்சையுடம்போடு வேலைக்குத் திரும்பினாள். 2021 பெப்ரவரிப் பனிப்புயலில், பிற மாநிலங்களோடு பெரிதும் இணையாத டெக்சாஸ் மின்கட்டமைப்பு தடுமாறியதையும், மாநிலக் கணக்கிலேயே 246 பேர் இறந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

இருந்தும் நான் மனம்விட்டு இருந்தது பெயர்லாந்தில்தான் என்பதை மறைக்க மாட்டேன். வெயில் நம் வெயில், கொல்லையில் முருங்கை, காரில் ஏறினால் சற்று நேரத்தில் மீனாட்சி கோயில். கார் இல்லாவிட்டால் கடைக்கும் போகமுடியாது என்பது வேறு கதை. ஃபிரேமிங்ஹாமில் பொஸ்டனுக்கு ரயில் உண்டு, ஆனால் மார்கழி முழுவதும் கறிவேப்பிலைச் சட்டியும் நானும் ஒரே சன்னலோரத்தில் இருந்தோம்.

ஆகவே நல்ல நிறுவனக் காப்புறுதியோடு தனியாகப் போகிற பிள்ளைக்கு டெக்சாஸில் காசு மிஞ்சும்; குடும்பமாகிப் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு மசாசூசெட்சையே சொல்வேன். பேறுகாலம் பார்க்கப் போகும் தாய்மார் எந்த மாநிலமானாலும் பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டு, பிரஷர் மாத்திரையைப் பயணம் முடியும் வரைக்கும் போதுமான அளவு இங்கிருந்தே கொண்டு போங்கள்.