குதிரைக்கும் கிடைத்த நட்சத்திரம்

விக்டோரியா காலத்துப் போர்ப் பதக்கங்களில் என்னை விடாமல் இழுப்பது காபூல்–காந்தகார் நட்சத்திரம்தான். அழகுக்காக இல்லை, அதன் பின்னால் இருக்கும் அரசியலுக்காக.

இரண்டாம் ஆங்கிலோ–ஆப்கான் போர் நடந்த காலம். 1880 ஜூலை 27 அன்று காந்தகாருக்கு அருகே மைவந்தில் ஆப்கான் இளவரசர் அயூப் கானின் படை ஒரு பிரிட்டிஷ் படையைத் துவம்சம் செய்து, தப்பியவர்களைக் காந்தகாருக்குள் முடக்கிப் போட்டது. மானம் கப்பலேறியது. உடனே காபூலிலிருந்து ஜெனரல் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் சுமார் 10,000 பேரோடு கிளம்பி, ஆகஸ்ட் வெயிலில் 300 மைலுக்கு மேல் மூன்றே வாரத்தில் கடந்து, செப்டம்பர் 1 அன்று அயூப் கானைத் தோற்கடித்தார். வழியில் பெரிய சண்டை எதுவும் இல்லை. அவரே கடைசி நாட்களில் காய்ச்சலோடு டோலியில்தான் போனார். காந்தகார் நெருங்கியதும் எப்படியோ குதிரை மேல் ஏறிக்கொண்டார். ஊரைக் காப்பாற்ற வந்த தளபதி டோலியிலிருந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும்!

அந்த நடைக்குத்தான் தனிப் பதக்கம். பிடிபட்ட பீரங்கிகளை உருக்கிச் செய்த வெண்கல நட்சத்திரம்: ஐந்து முனை, மேலே கிரீடம், நடுவே ராணியின் பெயரெழுத்துகள், சுற்றிலும் இரண்டு ஊர்களின் பெயர், வானவில் நிற ரிப்பன். ராபர்ட்ஸின் வெள்ளை அரபிக் குதிரை வொனொலெலுக்கும் ராணி ஒன்று கொடுத்தார். ராணியின் 1897 வைர விழா ஊர்வலத்தில் அது பதக்கங்களை மாட்டிக்கொண்டுதான் போயிற்று.

சரி, அதே ஆண்டு வசந்தத்தில் இன்னொரு பிரிட்டிஷ் ஜெனரல் டொனால்ட் ஸ்டூவர்ட் இதே பாதையில் எதிர்த்திசையில், காந்தகாரிலிருந்து காபூலுக்குப் படை நடத்திப் போனாரே, வழியில் அகமத் கேலில் கடுமையாகச் சண்டையும் போட்டாரே, அதற்கு? நட்சத்திரம் கிடையாது. தோல்வியைத் துடைத்த நடைக்குத்தான் மவுசு. பத்திரிகைகளுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

அப்புறம் நம் பக்கத்துக் கதை. அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தான். சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபிப் படைப்பிரிவுகள். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டே ராபர்ட்ஸ் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்து சேர்ந்தார். தெற்கத்திக்காரர்கள் போருக்கு லாயக்கில்லை, வடக்கிலிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானபோது அதைக் கொள்கையாகவே நடத்தினார், மெட்ராஸ் படைப்பிரிவுகள் சிலவற்றில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பதிலாக வடக்கத்தி ஆட்கள் வந்தார்கள். குதிரைக்கு இருந்த மரியாதைகூட அந்த மெட்ராஸ் சிப்பாய்களுக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு எரிச்சல்.