காலித் துறைமுகம் வரை 17 மணி நேரம்

மலாக்கா நீரிணையைத் தாண்டி மூன்றாவது நாள். சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவக்காற்று நேர் எதிரே வந்து அடித்துக்கொண்டிருந்தது. பகல் 12 முதல் 4 வரை, கப்பலை ஓட்டும் மேலறையான பிரிட்ஜில் என் வாட்ச், அதாவது காவல் முறை. 2.10-க்கு எஞ்சின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். பத்தி சாப்புக்கு கரன்ட் அடித்துவிட்டது, பேச்சு மூச்சு இல்லை என்று தேர்ட் எஞ்சினியர் இந்தியில் கத்தினார்.

இந்திய மாலுமிகள் வேலை செய்யும் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசரை பத்தி சாப் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பத்தி சாப் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், நான் தூத்துக்குடி. அந்தக் கப்பலில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆளில்லை. எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி.

சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்துப் பெட்டியும் சிகிச்சையும் பெரும்பாலும் செகண்ட் ஆபீசர் பொறுப்பு. அந்தக் கப்பலில் அது நான். சென்னையில் சில நாள் பயிற்சி, ரப்பர் பொம்மையில் பழகிய கை, அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

போனிலேயே முதலில் கேட்டது, மின்சாரத்தை நிறுத்தியாச்சா என்று. நிறுத்தியிருந்தார்கள். ஒரு பம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வேலை பார்த்திருக்கிறார் அண்ணன். இறக்கி வைத்ததோ பக்கத்துப் பெட்டியின் பிரேக்கரை. 440 வோல்ட். இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலைக்குப் போக அது போதும். "மூச்சு வருகிற மாதிரி இருக்கிறது சாப்" என்றார் தேர்ட். எப்படி என்று கேட்டேன். மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார் என்றார். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் உடம்பு அப்படி இழுக்கும். அதைப் பார்த்து, ஆள் பிழைத்துவிட்டார் என்று கையைக் கட்டி நிற்பவர்கள் உண்டு. உடனே நெஞ்சை அழுத்தச் சொன்னேன்.

அலாரம் கேட்டு கேப்டன் மேலே ஓடி வந்தார். வாட்ச்சை அவர் வாங்கிக்கொண்டதும் நான் இறங்கினேன். வழியில் கப்பல் ஆஸ்பத்திரி அறையில் நுழைந்து, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சுப் பை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். எஞ்சின் அறைக்குள் போய்ச் சேர 4 நிமிடம் ஆனது. ஷாக் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று படித்திருக்கிறேன். படிக்கட்டில் எனக்கு அந்தக் கணக்குதான் ஓடியது.

பேனலுக்கு முன்னால் இருந்த ரப்பர் பாயில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், அவர் போட்டிருந்த பாய்லர் சூட் நனைந்து கிடந்தது. வெட்டித் திறந்து, நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். ஷாக்கைக் கடத்தும் பேட் ஈரத்தில் ஒட்டாது. கருவிப் பையில் சவரக் கத்தி இருக்கும், முடியை மழித்துவிட்டு ஒட்டினேன். நான் இதைச் செய்த நேரமெல்லாம் தேர்ட் அழுத்துவதை நிறுத்தவில்லை.

கருவி இதயத்தைப் படிக்கத் தொடங்கி, அசைவு இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. எஞ்சின் அதிர்வோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். பார்த்தால், எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் ஆயிலர் பையன் அண்ணனின் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனை மெல்ல விலக்கி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். ஷாக் போனது. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நாடி பார்க்க நிற்கக் கூடாது, உடனே அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கப்பல் அலையில் ஏறும்போது நம் எடை முழுக்க அவர் மேல் விழும், இறங்கும்போது கை காற்றில் மிதக்கும். ஒருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அழுத்தினேன். கைக்கடியில் விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று ஆள் மாறினோம். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு அழுத்திக்கொண்டிருந்தபோது அவர் கை என் மணிக்கட்டைத் தள்ளியது. மணி 2.21.

கழுத்தில் நாடி இருந்தது. மூச்சும் தானாக வந்தது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பயம் தொடங்கியது அப்போதுதான், ஏனென்றால் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு இன்னும் 230 கடல் மைல் இருந்தது. அவ்வளவு தூரம் ஹெலிகாப்டர் வந்து திரும்ப முடியாது. கேப்டன் கொழும்பிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடர்புகொண்டார். வேகத்தைக் கூட்டினாலும் 17 மணி நேரம்.

ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஏணிகள் வழியாக ஆறு பேர் சேர்ந்து அவரை ஆஸ்பத்திரி அறைக்கு ஏற்றினோம். அப்புறம் சாட்டிலைட் போன். கப்பல்களுக்கான சாட்டிலைட் சேவையான இன்மார்சாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 32, மருத்துவ உதவிக்கு 38 என்று குறியீடுகள் உண்டு. எங்களுக்கு வழிகாட்டியது ரோமிலுள்ள சிஐஆர்எம். 1935-இல் தொடங்கி, எந்த நாட்டு மாலுமிக்கும் காசு வாங்காமல் கடலில் மருத்துவ ஆலோசனை சொல்லும் நிலையம் அது. அன்று பேசிய டாக்டரின் நிதானத்துக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

அவர் முதலில் கேட்டது ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று. பெரிய சிலிண்டர் 40 லிட்டர், மீட்டரில் அழுத்தம் 180 பார். அதாவது 7,200 லிட்டர். நான் நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டால் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், காலி வராது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 94 முதல் 98 சதவீதம் வரை காட்டினால் போதும், மெதுவாகக் குறையுங்கள் என்றார். 4 லிட்டரில் 96 நின்றது. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் தண்ணீர் குடித்தேன்.

வலது உள்ளங்கையில் கருகிய சின்னக் குழி, இடது முழங்காலில் இன்னொன்று. வெளியே இவ்வளவுதான் தெரியும், உள்ளே மின்சாரம் போன வழியெல்லாம் தசை வெந்திருக்கும் என்றார் டாக்டர். செத்த தசையிலிருந்து கரைந்து வருவது சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார். பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருந்தது. உடனே சலைன் ஏற்ற வேண்டும், மணிக்கு 75 முதல் 100 மில்லி சிறுநீர் போக வேண்டும் என்றார்.

ஊசி போடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பொம்மையின் நரம்பு ஓடாது, மனிதனுடையது வழுக்கி ஓடுகிறது. இரண்டு முறை தவறவிட்டேன். கப்பல் ஆடியது, என் கையும் ஆடியது. கேப்டனிடம் சொன்னதும் சில நிமிடம் வேகத்தைக் குறைத்து, ஆட்டம் தணியும் திசைக்குத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை முழங்கை மடிப்பில் ஏறியது. இரவு 1 மணிக்கு மேல்தான் சிறுநீரின் நிறம் வெளிறத் தொடங்கியது.

அண்ணன் கண்விழித்தது சாயங்காலம் 5 மணிக்கு. "தம்பி, என்னாச்சு?" என்றார். சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும், "தம்பி, என்னாச்சு?" இரவு முழுக்க இப்படியே. மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகாததால் புதிதாகக் கேட்பது எதுவும் தங்காது, பெரும்பாலும் சரியாகிவிடும், ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் மூன்றையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வந்த தாளிலேயே, அவர் கேட்டதையும் எழுதி வைத்தேன். சமையல்காரர் உட்பட யார் யாரோ வந்து என்னை மாற்றிவிடப் பார்த்தார்கள். அவருக்குப் புரிகிற மொழியில் பதில் சொல்ல நான்தான் இருந்தேன், அதனால் எழுந்திருக்கவில்லை.

காலை 7.20-க்குக் காலிக்கு வெளியே இலங்கைக் கடற்படைப் படகு வந்தது. கேப்டன் கப்பலைக் குறுக்கே திருப்பி, காற்று மறைவை உண்டாக்கினார். கிரேனில் ஸ்ட்ரெச்சரை இறக்கினோம். கூடவே என் தாள்களையும் உறையில் போட்டு அவர் மார்பில் கட்டிவிட்டேன்.

காலியில் வலது கையில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. சுண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் தப்பியது. இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து போன் பண்ணினார். அன்றைய காலைச் சாப்பாடு வரைக்கும் ஞாபகம் இருக்கிறதாம், அதற்குமேல் எதுவும் இல்லையாம். "அந்தத் தாளோட நகல் இருந்தா அனுப்பு தம்பி. நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னேன்னு படிக்கணும்" என்றார். அன்றிரவே நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன்.